பயிற்சி நாட்கள் பணி ஆணையிலேயே இடம்பெற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்டத்துக்குப் பின் உயிர் அறிவியல் ஆய்வகங்களில் போஸ்ட்டாக் எனப்படும் ஒப்பந்தக் கால ஆய்வாளர்களாகப் பணிபுரிவோரின் எதிர்காலம் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தங்கள் பணிவாழ்வை அவர்களே முன்கூட்டித் திட்டமிட வேண்டும் என்ற அதன் கருத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் அப்படித் திட்டமிடவும் பயிற்சி பெறவும் வேண்டிய நேரம் யார் கையில் இருக்கிறது என்பதைக் கட்டுரை தொடவில்லை. ஆறு ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்தவள் என்ற முறையில் அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

உயிர் அறிவியலில் ஆய்வாளரின் நாளை அவர் வளர்க்கும் உயிர்களே தீர்மானிக்கின்றன. தட்டுகளில் வளரும் செல்களுக்குச் சில நாட்களுக்கு ஒருமுறை ஊடகத்தை, அதாவது அவை வளரும் ஊட்டக் கரைசலை, மாற்றியாக வேண்டும். விடுமுறை நாளானாலும் அதைத் தள்ளிப்போட முடியாது. சுண்டெலியின் கருக்காலம் ஏறத்தாழ 3 வாரம்; பிறந்த குட்டி இனப்பெருக்கத்துக்குத் தயாராக மேலும் 6 முதல் 8 வாரம் ஆகும். இரண்டு, மூன்று மரபணு மாற்றங்களை ஒரே எலியில் கொண்டுவர வேண்டுமானால், தலைமுறை தலைமுறையாக இணைசேர்ப்பதிலேயே ஓராண்டு போய்விடக்கூடும். கேட்க நினைத்த கேள்விக்கான சோதனை அதன் பிறகுதான் தொடங்கும். முடிவுகளை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினால், மதிப்பீட்டாளர்கள் கேட்கும் கூடுதல் சோதனைகளுக்கு இன்னும் பல மாதங்கள் தேவைப்படும். இந்த ஓட்டத்தில் நல்கை (ஆய்வுக்கான நிதியுதவி) விண்ணப்பம் எழுதும் பயிலரங்கு, கற்பித்தல் பயிற்சி, தொழில்நிறுவனத்தில் சில வாரப் பயிற்சி ஆகியவை எல்லாம் 'கட்டுரை வெளிவரட்டும், பிறகு பார்க்கலாம்' என்று ஒதுக்கப்படுகின்றன. பலருக்குக் கட்டுரை வெளிவரும் நாளில் ஒப்பந்தக் காலமும் முடிந்திருக்கிறது.

நான் இருந்த ஆய்வகத்தில் இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றுக்கு அனுமதி கேட்டபோது, என் சொந்த விடுப்பில் போய் வரச் சொன்னார்கள். ஆய்வகத் தலைவர் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை. நல்கையைப் புதுப்பிக்க வேண்டிய தேதி அவரை நெருக்கிக்கொண்டிருந்தது. என் ஊதியமும் அந்த நல்கையிலிருந்துதான் வந்தது. என்னுடைய வளர்ச்சிக்கு ஒதுக்கும் ஒவ்வொரு நாளும் அவருடைய கணக்கில் இழப்பாகத் தெரியும்படி அமைந்த ஏற்பாட்டில், தனி மனிதரின் பெருந்தன்மையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை அன்று உணர்ந்தேன்.

போஸ்ட்டாக் முடித்தவர்கள் அனைவரும் பேராசிரியர் ஆவார்கள் என்ற எண்ணம் உண்மை நிலைக்கு ஒத்துவரவில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் அமைத்த பணிக்குழு 2012-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உயிர்மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றோரில் நிரந்தரப் பேராசிரியர் பணியிலோ அதற்கு இட்டுச்செல்லும் பணியிலோ சேர்ந்தவர்களின் பங்கு 1993-இல் ஏறத்தாழ 34 விழுக்காடாக இருந்து, சுமார் 26 விழுக்காடாகக் குறைந்திருந்தது. மருந்து ஆய்வு, ஒழுங்குமுறை ஆணையங்கள், காப்புரிமை, அறிவியல் இதழியல், கற்பித்தல் என மற்றவர்கள் செல்லும் துறைகள் பல. இவற்றை 'மாற்றுப் பணிகள்' என்று அழைப்பதே எனக்கு வருத்தம் தருகிறது. பெரும்பாலோர் செல்லும் வழியை மாற்று வழி என்று எப்படிச் சொல்வது?

பயிற்சிக்கு நேரம் ஒதுக்கினால் ஆய்வு பின்தங்கும் என்பது ஆய்வகத் தலைவர்கள் வழக்கமாகச் சொல்லும் அச்சம். அது மதிப்புடன் ஆராயப்பட வேண்டிய அச்சம்தான், ஆராயப்பட்டும் இருக்கிறது. அதே சுகாதார நிறுவனம் 2013-இல் 'பெஸ்ட்' என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, 17 கல்வி நிறுவனங்களில் முனைவர் பட்ட மாணவர்களுக்கும் போஸ்ட்டாக் ஆய்வாளர்களுக்கும் பலதுறைப் பணிப்பயிற்சி அளிக்க நிதி தந்தது. இத்தகைய பயிற்சிகளின் விளைவை 10 நிறுவனங்களில் ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வு, பங்கேற்ற மாணவர்கள் பட்டம் பெறுவது தாமதமாகவில்லை, அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளும் குறையவில்லை என்று காட்டியது. அது முனைவர் பட்ட மாணவர்களைப் பற்றிய ஆய்வு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் அதே ஆய்வகங்களில் அதே வகைச் சோதனைகளைச் செய்யும் போஸ்ட்டாக் ஆய்வாளர்களுக்கு மட்டும் நேர்மாறாக நடக்கும் என்று கருத எனக்குக் காரணம் தெரியவில்லை.

எனவே பயிற்சிக்கான நாட்கள் பணி ஆணையிலேயே எழுதப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. பிரிட்டனில் ஆய்வாளர்களின் பணிவாழ்வு மேம்பாட்டுக்கான உடன்படிக்கை 2019-இல் திருத்தப்பட்டபோது, ஆண்டுக்குக் குறைந்தது 10 நாட்கள் தொழில்முறை வளர்ச்சிக்கென அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று அதில் சேர்த்தார்கள். ஆய்வாளர் கேட்டுப் பெற வேண்டிய சலுகையாக இருந்ததை, நிறுவனம் கணக்குக் காட்ட வேண்டிய பொறுப்பாக இந்த ஒரு வரி மாற்றுகிறது. தனிநபர் வளர்ச்சித் திட்டம் என்ற படிவத்தை நிரப்பச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் வந்திருக்கிறது, நல்லதே. ஆனால் நேரம் தராமல் படிவத்தை மட்டும் தந்தால், அது பணியில் சேர்ந்த வாரத்தில் நிரப்பப்பட்டுக் கோப்பிலேயே கிடக்கும்.

பேராசிரியர் ஆகிறவர்களுக்கும் இந்த நாட்கள் தேவை. ஆட்களைத் தேர்வு செய்வது, நிதியைப் பங்கிடுவது, இருவருக்குள் எழும் பூசலைத் தீர்ப்பது, மாணவரின் தவறை அவர் மனம் உடையாமல் எடுத்துச் சொல்வது ஆகியவற்றில் எதையும் திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட் குழாயைப் பிடித்த ஆண்டுகள் கற்றுத்தருவதில்லை. இதை உணர்ந்தே, ஆய்வுக்கு நிதி வழங்கும் அமெரிக்க அமைப்புகளான ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் பரோஸ் வெல்கம் நிதியமும் 2002-இல் இளம் அறிவியலாளர்களுக்கு ஆய்வக நிர்வாகப் பயிற்சியை நடத்தின. அத்தகைய பயிற்சி என் ஆய்வகத் தலைவருக்கு உரிய காலத்தில் கிடைத்திருந்தால், என் கோரிக்கைக்கு வேறு பதில் வந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

இந்தப் பணியில் சேரவிருக்கும் தங்கள் வாசகர்கள், நேர்காணலின்போதே மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை நாட்களைப் பயிற்சிக்குச் செலவிடலாம்? அது எழுத்தில் இருக்கிறதா? கடந்த பத்து ஆண்டுகளில் இந்த ஆய்வகத்திலிருந்து சென்றவர்கள் இப்போது எங்கே, என்ன பணியில் இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கான விடையை ஒவ்வொரு நிறுவனமும் தானாகவே வெளியிட வேண்டும் என்று தங்கள் இதழ் வலியுறுத்துமானால் மிகவும் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
முன்னாள் போஸ்ட்டாக் ஆய்வாளர் ஒருவர்