அந்தக் காசுக்கு முன்பணம் கொடுக்காதே

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். இத்தனை மாதம் எழுதாததற்கு உன் திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது அவசரம் வேறு. நீ படம் அனுப்பிக் கேட்ட அந்த வியாபாரியின் டெனாரியஸுக்கு, அதாவது பழைய ரோமானிய வெள்ளிக் காசுக்கு, முன்பணம் கொடுத்துவிடாதே. நம் மணிக்கு ஸ்கூட்டர் பார்த்துக் கொடுத்த கண்ணால் இதையும் பார்க்காதே.

நீ அனுப்பிய படங்களில் இருக்கும் இரண்டு காசும் ரோமானியப் பேரரசன் திபேரியஸுடைய வகை. தலைப்பக்கம் மாலை சூடிய மன்னன், பின்பக்கம் கையில் கிளையோடு உட்கார்ந்திருக்கும் பெண். தென்னிந்தியாவில் கிடைக்கும் ரோமானிய வெள்ளியில் இதுவும், அகஸ்டஸின் பேரன்கள் இருவரும் கேடயங்களோடு நிற்கும் காசும்தான் அதிகம். ஆகவே வகை சரி.

படத்தைப் பெரிதாக்கித் தாடைக்குக் கீழே பார். ஒரு கீறல், அதன் முனையில் நொய்யரிசி அளவு பள்ளம். இரண்டாவது காசிலும் அதே இடத்தில் அதே கீறல், அதே பள்ளம்! ஒரே அச்சில் அடித்த காசுகள் உண்டுதான். ஆனால் அச்சில் விழுந்த கீறல் காசில் மேடாகத்தான் வரும். பள்ளமான கீறல், காசு அடித்த பிறகு விழுந்தது. அது இரண்டு காசில் ஒரே மாதிரி விழ வழியில்லை. பொறிப்பின் கடைசி எழுத்துகளும் இரண்டிலும் ஒரே அளவுக்கு விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கின்றன. ஒரு காசை வைத்து வார்ப்பு அச்சு எடுத்து, உலோகத்தை ஊற்றி வார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீயே சோதிக்க நினைத்தால், 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு போதும். முதலில் காசை எடை போடு. நல்ல நிலையில் உள்ள திபேரியஸ் 3.6 முதல் 3.8 கிராம் வரும். பிறகு தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க அமிழ்த்து. காசின் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 3.70 கிராம் காசுக்குத் தராசு 0.36 காட்டினால் அடர்த்தி 10.3, நல்ல வெள்ளி. 0.40 காட்டினால் 9.25, உள்ளே செம்பு. காசில் குமிழி ஒட்டினால் கணக்கு கெடும்; பாத்திர சோப்பு ஒரு சொட்டு விடு. 0.01 மாறினாலே அடர்த்தி 0.3 வரை நகரும் என்பதால் மூன்று தடவை பார். ஆனால் வெள்ளியிலேயே வார்த்திருந்தால் இதிலும் தேறிவிடும்! அதனால் பத்து மடங்கு லென்ஸில் விளிம்பைப் பார்: சுற்றி ஓடும் கோடு, அரம் போட்ட தடம், எழுத்தோரங்களில் குட்டிக் குட்டிக் குழிகள் இருந்தால் வார்த்த காசு, விட்டுவிடு. அடித்த காசின் விளிம்பில் வெடிப்பு இருப்பது சகஜம், அதைக் குறையாக எடுக்காதே.

இன்னொன்று. அமராவதி ஆற்று மணலில் தோண்டி எடுத்தது என்கிறார் அல்லவா அந்த வியாபாரி? 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி, மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமென்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் சொல்வது உண்மையென்றால் நீ வாங்கக் கூடாது. பொய்யென்றால் வாங்குவதில் அர்த்தமில்லை. தொல்பொருள் விற்க 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமம் வேண்டும். உரிமமும் பில்லும் கேள். முகம் மாறினால் எழுந்து வந்துவிடு.

உன்னிடம் ஏற்கெனவே இருக்கிற சின்னச் செம்புக் காசுகளைப் பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து இன்றைக்கே எடு. அந்த உறைதான் பச்சைப் பிசுக்கை விடுகிறது. சுத்தமான அசிட்டோனில் நனைத்தால் பிசுக்கு போகும். தூள்தூளாக வெளிர்பச்சை உதிர்ந்தால் அது வேறு வியாதி: குளோரைடு அரிப்பு. அந்தக் காசைத் தனியே, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வை. புளி மட்டும் வேண்டாம், அத்தை சொன்னாலும்.

விளிம்பைப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
ராஜா