ஜேமி டார்ட் பற்றி, பிரபுவுக்கு

அன்புள்ள பிரபு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

நீ பார்க்கச் சொன்ன ‘டெட் லாசோ’ தொடரை, அதுதான் ரிச்மண்ட் என்ற இங்கிலாந்துக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக வரும் டெட்டின் கதையை, மூன்று சீசனும் முடித்துவிட்டேன். அதில் வரும் ஆட்டக்காரன் ஜேமி டார்ட்டைப் பற்றிப் பேசும்போது, "ஜேமி மாதிரி ஆளெல்லாம் திருந்தவே மாட்டான்மா, கதைக்காகத் திருத்திட்டாங்க" என்றாய். வாடகைப் பாக்கியை உன் தலையில் கட்டிவிட்டுப் போன அந்தப் பையன் மறுபடி உன்னோடு தங்கக் கேட்கிறான் என்பதையும் அதே மூச்சில்தான் சொன்னாய். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். போனில் என்றால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய்.

முதல் சீசன் ஜேமியை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மான்செஸ்டர் சிட்டி கிளப்பிலிருந்து கடனாக ரிச்மண்டுக்கு வந்தவன். கோல் அடிப்பான், பந்தை மட்டும் யாருக்கும் தர மாட்டான். ஐசக்கையும் காலினையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, வீரர்களின் உடைகளைக் கவனிக்கும் நேட்டைப் படாத பாடு படுத்துவான். வகுப்பில் இப்படி ஒருவன் இருந்தால் மற்ற பிள்ளைகள் எப்படி ஒடுங்கி உட்காருவார்கள் என்று நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கிறான், நன்றாக விளையாடுகிறான் என்பதற்காக அதை மன்னிக்க முடியாது.

ஆனால் கதை அவனை ஒரே நாளில் நல்லவனாக்கவில்லை, பிரபு. இங்கேதான் நான் உன்னோடு மாறுபடுகிறேன். முதல் சீசனிலேயே ஓர் இரவில், அம்மா வாங்கிக் கொடுத்த பழைய பூட்ஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்பாவைப் பற்றிச் சொல்கிறான். மைதானத்தில் எல்லாரையும் அடக்கி ஆடாவிட்டால் அந்த ஆளுக்கு இவன் கோழை. அந்தப் பேச்சைக் கேட்கக்கூடாது என்றுதான் முரடனானேன் என்கிறான். அப்போது எனக்குப் பரிதாபமாக இருந்தது. ஆனால் காரணம் தெரிந்துவிட்டால் ஆள் மாறிவிட்டான் என்று ஆகிவிடுமா? அதோடு நிறுத்தியிருந்தால் நீ சொன்னதுதான் சரி.

சீசனின் கடைசி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? அதற்குள் அவனை மான்செஸ்டர் சிட்டி திரும்ப அழைத்துக்கொண்டது, ஆட்டமும் அந்த அணியோடுதான். டிரா ஆனாலே ரிச்மண்ட், அங்கத்திய முதல் நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் தப்பிக்கும். கடைசி நிமிடங்களில் பந்து ஜேமியின் காலில். வாழ்க்கையில் முதல் தடவை மாதிரி அதை இன்னொருவனுக்குத் தருகிறான். அவன் கோல் போடுகிறான், ரிச்மண்ட் கீழ் நிலைக்கு இறங்கிவிடுகிறது. டெட் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவரையே தோற்கடிக்கப் பயன்படுத்தியிருக்கிறான்! ஆட்டம் முடிந்ததும், ஏன் நீயே அடிக்கவில்லை என்று அப்பா பூட்ஸைத் தூக்கி எறிகிறார். தோற்றுப்போன டெட்டோ, அந்தப் பாஸைப் பாராட்டி ஒரு சீட்டும் சின்னப் பொம்மைச் சிப்பாய் ஒன்றும் அனுப்புகிறார். ஒரு வாத்தியாராக எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த இடம் இது. பிள்ளை நல்லது செய்யும்போது அது நமக்கு நஷ்டமாக இருந்தாலும் பார்த்துச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் சீசனில் ரிச்மண்டுக்கே திரும்பி வருகிறான். யாரும் கட்டிப்பிடித்து வரவேற்கவில்லை. முகம் கொடுத்துப் பேசக்கூட மாட்டேன் என்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அதே அணியின் சாம், தன் நாடான நைஜீரியாவைப் பாழாக்கும் எண்ணெய்க் கம்பெனியை எதிர்த்து, சட்டையில் இருந்த, அந்தக் கம்பெனிக்குச் சொந்தமான விளம்பரதாரர் துபாய் ஏரின் பெயர்மேல் கறுப்பு டேப் ஒட்டுகிறானே, அங்கே மற்ற நைஜீரியர்களுக்கு அடுத்து டேப்பைக் கேட்டவன் ஜேமிதான். எல்லாரும் ஒரே அணி, ஒரே மாதிரி உடுத்த வேண்டாமா என்கிற தோரணையில் கேட்கிறான். பேச்சு அவ்வளவுதான், பிறகு ஒட்டிக்கொள்கிறான். சாமை எப்படியெல்லாம் நடத்தியவன் அவன்!

இன்னொன்றையும் கவனித்தாயா? நல்லவனாகிறேன் என்று அவன் எல்லாப் பந்தையும் பாஸ் செய்ய ஆரம்பித்ததும் ஆட்டமே சோர்ந்துபோகிறது. அணியின் பழைய கேப்டன் ராய் கென்ட் பயிற்சியாளராக வந்து, தேவையான நேரத்தில் பழைய திமிரைக் காட்டு, நான் சைகை காட்டுகிறேன் என்கிறான். டாட்டன்ஹாம் ஆட்டத்தில் அது பலிக்கிறது. திருந்தியவன் சாதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. இப்படி எழுதியவர்களுக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது.

வெம்ப்ளி மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டியிடம் 5-0 என்று தோற்றபின் நடப்பதை நான் விவரிக்கப்போவதில்லை, உனக்கே தெரியும். எல்லார் முன்னாலும் அப்பா மகனை அவமானப்படுத்துகிறார், மகன் அவரை அடித்துவிடுகிறான், அறை முழுக்க நிசப்தம். அவனோடு எப்போதும் மல்லுக்கு நிற்கும் ராய்தான் போய் அணைத்துக்கொள்கிறான். நான் அழுதுவிட்டேன். இப்போது எழுதும்போதும் கண் கலங்குகிறது.

நேட் விஷயத்தில் உன் கோபம் எனக்கும் உண்டு. உடைகளைக் கவனித்துக்கொண்டிருந்த தன்னை உதவிப் பயிற்சியாளராகத் தூக்கிவிட்ட டெட்டுக்கு ஆட்டத்தின் நடுவே பதற்றம் வந்து மூச்சுத் திணறியதைப் பத்திரிகைக்காரரிடம் சொல்லிக்கொடுத்தான், தன் பழைய வேலைக்கு வந்த, தன்னைவிடச் சின்னவனான வில்லை மிரட்டினான், டெட் சுவரில் ஒட்டியிருந்த ‘நம்பு’ என்ற மஞ்சள் அட்டையைக் கிழித்துவிட்டு வெஸ்ட் ஹாம் அணிக்குப் பயிற்சியாளராகப் போனான். ஜேமி மாறிய ஒவ்வொரு படியையும் காட்டியவர்கள், நேட் அந்த வேலையை உதறிய இடத்தைக் காட்டவே இல்லை. அவன் மன்னிப்புக் கேட்பதும் கடைசியில் அவசர அவசரமாக வருகிறது. அது குறைதான். ஆனாலும் அவன் வேறு வழியில் திரும்பி வரவில்லை, வில்லுக்குக் கீழே உதவியாளாக வருகிறான் என்பது எனக்குப் போதும். யாரை மிரட்டினானோ அவனிடமே வேலை கேட்டு நிற்கிறான்.

மூன்றாம் சீசனில் மான்செஸ்டரில் நடக்கும் அந்த ஆட்டத்தை நீ பாதியில் விட்டுவிட்டதாகச் சொன்னாய். முழுசாகப் பார். அப்பாமேல் இருந்த கோபத்தை வைத்தே இத்தனை நாள் ஓடிய ஜேமி, அது தளர்ந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். அப்பாவை மன்னிப்பதாக இருந்தால் உனக்காகச் செய் என்று டெட் சொல்கிறார். அப்பாவோடு போய் இரு என்று சொல்லவில்லை. அந்த ஆள் அந்த நேரம் மறுவாழ்வு இல்லத்தில் உட்கார்ந்து மகனின் ஆட்டத்தை டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். மன்னித்தால் வீட்டுச் சாவியையும் கொடுத்தாக வேண்டும் என்று நம் வீட்டில் யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, உன் ஆளுக்கு வருகிறேன். அவனைச் சேர்த்துக்கொள் என்றோ, கதவைச் சாத்து என்றோ நான் சொல்லப்போவதில்லை. அவன் எவ்வளவு உருக்கமாகப் பேசினான் என்பதும் எனக்கு வேண்டாம். பாக்கிப் பணத்தில் கொஞ்சமாவது, நீ கேட்காமலே, கொடுத்தானா? நீ இல்லாத இடத்தில் உன்னைப் பற்றி என்ன பேசுகிறான் என்று உங்கள் பொது நண்பர்களிடம் விசாரித்தாயா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தபின் எனக்கு எழுது. அதுவரை அறையை வேறு யாருக்கும் விடாதே, அவனுக்கும் ஒப்புக்கொள்ளாதே.

உன் பக்கத்தில் இருக்கிற செல்ஹர்ஸ்ட் பார்க் கால்பந்து மைதானத்தைத்தான் ரிச்மண்டின் மைதானமாகக் காட்டியிருக்கிறார்களாமே. ஒருநாள் போய் நாலு படம் எடுத்து அனுப்பு, அப்பாவுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அம்மா