அப்பாவுக்கு, தனாமி சாலையிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அண்ணன் சரியாகச் சொல்வதே இல்லை, நீங்களாவது எழுதுங்கள். இங்கே இப்போது குளிர்காலம். பகல் வெயில் இதமாக இருக்கிறது, ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போய் காலையில் வண்டிக் கண்ணாடியில் பனி உறைந்து கிடக்கிறது. மண் நம் தேரிக்காட்டு மண் மாதிரியே சிவப்பு. ஆஸ்திரேலியாவின் நடுவிலிருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்திலிருந்து வடமேற்கே தனாமி சாலையில் யுவெண்டுமு என்ற ஊர் சுமார் 290 கிலோமீட்டர், எங்கள் ஊர் அதையும் தாண்டி.

போன தடவை போனில், நான் வேலை பார்க்கும் ஓவிய மையத்தில் பழங்குடிப் பெரியவர்கள் வரைகிற புள்ளிப் படங்களைப் பற்றிச் சொன்னபோது, "புள்ளி வைக்கிறதுக்கா இவ்வளவு காசு கொடுக்கிறான்?" என்று கேட்டீர்கள். லைன் விட்டு விட்டு வந்ததில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நாற்பது வருஷம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவர் நீங்கள், மற்றவர்களைவிட உங்களுக்கு இது சீக்கிரம் புரியும் என்று நினைக்கிறேன்.

வந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். சிட்னியில் ஒருவருக்கு ஈமு பறவையின் கதைப் படம் வேண்டியிருந்தது. அதை வரைகிற பெண் ஒரு சாவுக்காக வேறு ஊர் போயிருந்தார், எப்போது திரும்புவார் என்று கேட்கவும் கூடாது. சரி, இவர் கைதான் சும்மா இருக்கிறதே என்று பக்கத்திலிருந்த இன்னொரு பெரியம்மாவிடம் கான்வாஸை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "அது என் அப்பா இடம் இல்லை" என்றார், அவ்வளவுதான். அடுத்தவன் நிலத்தைக் கிரயம் எழுதிக் கொடு என்று நான் கேட்டிருக்கிறேன்! அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

இங்கே இருக்கும் பழங்குடிகளான வார்ல்பிரி மக்களிடம் ஒவ்வொரு கதையும் ஒரு நிலத்தோடு கட்டுப்பட்டது. முன்னோர் எந்த வழியாக வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், எந்த ஊற்றில் தண்ணீர் எடுத்தார்கள் என்பதுதான் கதை. ஜுக்குர்பா என்பார்கள். அப்பா வழியில் அந்த நிலமும் கதையும் வருகிறவர்கள் கிர்டா. அம்மா வழியில் வருகிறவர்கள் குர்டுங்குர்லு. சரியாகத்தான் செய்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது இவர்கள் பொறுப்பு. ஒருவர் வரையும்போது குர்டுங்குர்லு யாராவது வந்து நின்று, "அந்த ஊற்றை விட்டுட்டே" என்று சொல்லிவிட்டுப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீங்கள் பத்திரத்தில் செக்குபந்தியை, அந்த நாலு எல்லை விவரத்தை, சரிபார்க்கும்போது கண்ணாடியைத் தூக்கிவிட்டு விரலை வைத்து வைத்துப் படிப்பீர்களே, அப்படியே இருந்தது.

இதைக் கோர்ட்டிலே செல்லுமா என்பீர்கள். இங்கிருந்து ரொம்ப மேற்கே, கிரேட் சாண்டி பாலைவனத்து மக்கள் 1997ல் தங்கள் நிலம் முழுவதையும் 8 மீட்டருக்கு 10 மீட்டர் கான்வாஸில் வரைந்து நிலவுரிமைத் தீர்ப்பாயத்தின் முன்னால் விரித்தார்கள். இங்கிலீஷில் வழக்காடத் தெரியாத பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, படத்தில் தங்கள் இடம் எதுவோ அதன்மேல் போய் நின்று தங்கள் பாஷையில் சாட்சி சொன்னார்கள். 2007ல் உரிமை கிடைத்தது. நுராரா கான்வாஸ் என்று பெயர். இதைக் கேட்டபோது உங்களை நினைத்துக்கொண்டேன் அப்பா.

கோலம் மாதிரியா என்று அம்மா கேட்டாள். கோலத்தில் புள்ளி முதலில், கோடு பிறகு. இங்கே வட்டமும் தடமும் முதலில், புள்ளி கடைசியில்தான் வரும். கறுப்புப் பூசிய துணியைத் தரையில் விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, குச்சியின் நுனியைச் சாயத்தில் தோய்த்துத் தோய்த்து வைப்பார்கள். துணியின் ஓரத்தில் நாய் படுத்திருக்கும், யாரும் விரட்டுவதில்லை. எல்லாம் மேலேயிருந்து பார்க்கிற பார்வை. மண்ணில் உட்கார்ந்து எழுந்தால் விழும் தடம்தான் ஒரு ஆள், குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு.

முடிந்ததும் என் வேலை. பின்பக்கம் நம்பர் எழுதுவேன், வரைந்தவரைப் படத்தோடு போட்டோ எடுப்பேன், அவர் சொல்லச் சொல்லக் கதையை டைப் செய்வேன். அந்தச் சான்றிதழ்தான் மூலப்பத்திரம். மையம் ஓவியர்களுடையது, நான் அவர்கள் வைத்த ஆள். விற்றதில் பாதி வரைந்தவருக்கு, மீதி சாயம், துணி, சம்பளம் என்று போகும். இதையெல்லாம் தவிர்க்கத்தான் சில வியாபாரிகள் பெரியவர்களை நகரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு ரூமில் உட்காரவைத்து வரையவைத்து, ஒரு பழைய காரைக் கொடுத்து அனுப்புகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

வார்லுகுலாங் என்று ஒரு படம், 1977ல் வரைந்தது, 1,200 டாலருக்குப் போனது. 2007ல் ஏலத்தில் 24 லட்சம் டாலர்! வரைந்தவர் 2002லேயே இறந்துவிட்டார். (இறந்தவர் பெயரை இங்கே வாயால் சொல்ல மாட்டார்கள், நானும் எழுதவில்லை.) மறுவிற்பனையில் 5 சதவீதம் ஓவியருக்கோ வாரிசுக்கோ என்ற சட்டம் 2010ல்தான் நடைமுறைக்கு வந்தது.

அப்புறம் ஒரு விஷயம். என்னை நுங்கராயி என்ற உறவுப் பிரிவில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். எட்டுப் பிரிவு, அதில் ஒன்றில் நிற்காமல் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. அதனால் நீங்கள் ஜப்பல்ஜாரி, அம்மா நக்கமரா. அப்பாவின் அண்ணன் தம்பியும் அப்பா, அம்மாவின் அக்கா தங்கையும் அம்மா. நமக்குப் பழக்கமான கணக்குதானே. இங்கே எனக்குச் சோறு வைக்காமல் விடாத ஒரு நப்பல்ஜாரி (ஜப்பல்ஜாரி பிரிவுப் பெண்ணை அப்படிச் சொல்வார்கள்) பாட்டி இருக்கிறார், முறைக்கு எனக்கு அத்தை, அதாவது உங்கள் கூடப்பிறந்தவர்.

நேற்று அவர் மண்ணைக் கையால் தடவிச் சமமாக்கி, "உன் அப்பாவோட தண்ணி எங்கே, போடு" என்றார். நான் குளத்தைப் போட்டேன், கரையைப் போட்டேன், மடை மூன்றா நான்கா என்று நின்றுவிட்டேன். கரையிலிருக்கும் சாமி யார், எதற்காக அங்கே வந்தது, முன்பு மடை திறக்கும் உரிமை யார் வீட்டில் இருந்தது, எதுவும் எனக்குத் தெரியவில்லை. தாத்தா உங்களிடம் சொல்லியிருப்பார். அதை அப்படியே எழுதி, எல்லை விடாமல் ஒரு படமும் போட்டு அனுப்புங்கள். அத்தை தினமும் கேட்கிறார்.

உங்கள் அன்பு மகள்