சர்வர்களைக் குழுக்களாகப் பிரித்துத் தாருங்கள்

மதிப்பிற்குரிய கட்டமைப்புப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதக் கடைசி இரவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். சம்பவ அறிக்கையில் நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். 'தற்காலிக இடையூறு' என்று அதில் ஒரு வரி. அந்த வரிக்குள் என்ன இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

என் மானிட்டர் ஓரத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எட்டு சர்வர்கள் சேர்ந்து டேட்டாபேஸ்களை ஓட்டும் நம் ஆரக்கிள் ராக் (RAC) கிளஸ்டரில் எந்த சர்வீஸ் எந்த இன்ஸ்டன்ஸில் (ஒரு சர்வரில் ஓடும் டேட்டாபேஸ் இயக்கத்தில்) ஓட வேண்டும், அது விழுந்தால் எங்கே போக வேண்டும் என்ற பட்டியல், அடித்தல் திருத்தலோடு. அன்று இரவு 2.10க்கு மூன்றாம் சர்வர் விழுந்தது. பட்டியல்படியே பேமென்ட் சர்வீஸ் நான்காவதுக்குப் போனது. அங்கே மாதக் கடைசி ரிப்போர்ட் ஏற்கெனவே சிபியு முழுவதையும் தின்றுகொண்டிருந்தது. ஏழும் எட்டும் டெஸ்ட் டேட்டாபேஸைச் சுமந்துகொண்டு கிட்டத்தட்ட சும்மா இருந்தன.

சரி, ஏழாவதை எடுத்துக்கொள்ளலாம் என்றால், டெஸ்ட்டை நிறுத்த வேண்டும், மாற்றங்களைத் திரும்பப் பெற உதவும் அண்டூ டேபிள்ஸ்பேஸ் உருவாக்க வேண்டும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ரீடூ லாக் சேர்க்க வேண்டும், புது இன்ஸ்டன்ஸைப் பதிய வேண்டும், அப்புறம் சர்வீஸின் பட்டியலை மாற்ற வேண்டும். எல்லாம் கையால். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனில் "இன்னும் எவ்வளவு நேரம்?" முடியும்போது மணி 4.45.

நான் கேட்பது ஒன்றுதான்: சர்வர்களைக் குழுக்களாகப் பிரியுங்கள். 2009இல் வந்த ஆரக்கிள் 11ஜி ரிலீஸ் 2 பதிப்பு முதலே சர்வர் பூல் என்ற இந்தக் குழு வசதி இருக்கிறது. பேமென்ட்டுக்குக் குறைந்தது மூன்று, முக்கியத்துவம் அதிகம். டெஸ்ட்டுக்குக் குறைந்தபட்சம் பூஜ்யம் என்று ஒருமுறை சொல்லி வைத்தால், ஒரு சர்வர் விழும்போது சர்வர்களை நிர்வகிக்கும் கிளஸ்டர்வேர் மென்பொருளே டெஸ்ட்டிலிருந்து ஒன்றை எடுத்து பேமென்ட்டுக்குக் கொடுத்து இன்ஸ்டன்ஸையும் கிளப்பிவிடும்.

முன்பு இதைக் கேட்டபோது, இன்ஸ்டன்ஸ் பெயர் சர்வருக்கு சர்வர் மாறும், ஸ்கிரிப்டுகள் உடையும் என்றீர்கள். உண்மைதான். அந்த ஸ்கிரிப்டுகளைத் திருத்தித் தருகிறேன் என்று எழுதியே கொடுத்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. நீங்கள் பரிசீலித்து முடிப்பதற்குள் அந்த வசதிக்கே வயதாகி, ஆரக்கிள் 21சி பதிப்பில் அதைக் கைவிடப்போவதாக அறிவித்தும்விட்டார்கள்! நல்லவேளை, நம்மிடம் ஓடுவது 19சி. நாளைக்கு வேறு பெயரில் வேறு வழி வந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, குழுவாகப் பிரித்தால் போதும்.

புது சர்வர்கள் வந்த அன்று எல்லாரும் ரேக் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். 'தடையற்ற சேவை' என்று அதை வரவேற்பறையில் வேறு மாட்டியிருக்கிறோம். படத்தில் இருக்கும் எட்டில் இரண்டு அன்றிரவு வேடிக்கை பார்த்தன என்பதையும் கீழே சிறியதாக எழுதிவிடலாம்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். அடுத்த பராமரிப்பு நேரத்தில் இரண்டு மணி நேரம் இதற்கு ஒதுக்கி, தேதியை இந்த வாரத்துக்குள் சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதக் கடைசிக்கு முன்னால் வரும் தேதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இரவுப் பணி டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி)