சிகிச்சைச் செடியும் ஒரத்துப்பாளையம் அணையும்: தொலைநிலை மாணவர் ஒருவரின் புகார் கடிதம்

அனுப்புநர்:
சுற்றுச்சூழல் மேலாண்மை முதுநிலைப் பட்டய மாணவர்,
எர்ணாவூர், சென்னை-57.
(பெயர், பதிவு எண், ரசீது எண் ஆகியவை இணைப்பில்.)

பெறுநர்:
மேலாளர், மாணவர் குறைதீர்ப்புப் பிரிவு,
தொலைநிலைக் கல்விச் சேவை நிறுவனம், சென்னை.

நாள்: 18.08.2025

பொருள்: தமிழ்வழிப் பாடநூல், களப்பணி, திட்ட அறிக்கை ஆகியவற்றில் சொன்னபடி நடக்காதது, கட்டிய பணத்தைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மா,

வணக்கம். நான் மணலியில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டராக ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். படித்தது பி.எஸ்சி. வேதியியல். மேலே போக ஒரு பட்டயம் வேண்டும், ஷிப்ட் வேலையில் கல்லூரிக்குப் போக முடியாது, அதனால்தான் உங்கள் நிறுவனம் மூலமாக ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பட்டயத்தில் சேர்ந்தேன். எங்கள் மாமா ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கல்வி 1981-ல் தொடங்கிய புதிதில் சேர்ந்து, ராயபுரத்தில் ஒரு மரவாடியில் கணக்கு எழுதிக்கொண்டே பி.ஏ. முடித்தவர். தபாலில் வந்த பாடங்களை இன்னமும் கட்டி பரணில் வைத்திருக்கிறார். அதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் தபாலில் வரும் படிப்பு மட்டம் என்ற எண்ணம் எனக்குக் கிடையாது. என் புகார் தொலைநிலைக் கல்வி மீது இல்லை. உங்கள் மீதுதான்.

சேரும்போது உங்கள் ஆலோசகர் சொன்னவை: பாடநூல் முழுக்கத் தமிழில் வரும், திருவொற்றியூரிலேயே ஞாயிறு வகுப்பு, எண்ணூர் கழிமுகத்தில் களப்பணி, தேர்வு மையமும் வடசென்னையில். கட்டணம் 28,500 ரூபாய், தமிழ்ப் பாடநூலுக்குத் தனியாக 3,500. கடன் வாங்காமல் போனஸ் பணத்தில் கட்டினேன்.

பாடநூல் வந்தது. நைட் ஷிப்டில் விடியற்காலை மூன்று மணி வாக்கில் வேலை சற்று ஓயும். அப்போது முதல் நூலைப் பிரித்தேன். நான்காம் அலகின் தலைப்பு: "கழிவுநீர் சிகிச்சைச் செடியின் அமைப்பு."

முதலில் எனக்குப் புரியவில்லை. ஏதோ கல்வாழை வளர்த்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்வார்களே, அதைச் சொல்கிறார்கள் போல என்று நினைத்தேன். இரண்டு பத்தி படித்த பிறகுதான் பிடிபட்டது. நிலையம் என்று பொருள்படும் பிளான்ட் என்ற சொல்லைச் செடி என்றும், ட்ரீட்மென்ட் என்பதைச் சிகிச்சை என்றும் கம்ப்யூட்டர் மாற்றியிருக்கிறது. அதற்கு அடுத்த அலகில் "அனல் மின் செடி" வருகிறது. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அத்திப்பட்டுப் பக்கம் புகைபோக்கிகள் தெரியும். அதைச் செடி என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இதையாவது சிரித்துவிட்டு விடலாம். கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகளை வளர்க்கும் காற்றூட்டத் தொட்டியைப் பற்றிய பாடம் என் அன்றாட வேலை. ஒவ்வொரு ஷிப்டிலும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவு ஜாடியில் நீர் மொண்டு, அசையாமல் முப்பது நிமிடம் வைப்பேன். கசடு அடியில் தங்கி மேலே நீர் தெளிந்து நிற்க வேண்டும். 300 மில்லி கோட்டுப் பக்கம் தங்கினால் நிம்மதி. சில நாள் கசடு இறங்காது, பஞ்சு மாதிரி ஊதி 800, 900 என்று நிற்கும். இழை இழையாக வளரும் நுண்ணுயிரிகள் பெருகிவிட்டால் இப்படி ஆகும். பிராணவாயு போதவில்லையா, ஊட்டச்சத்து குறைந்ததா, உள்ளே வரும் கழிவு மாறியதா என்று அப்போது தேட வேண்டும். கவனிக்காமல் விட்டால் கசடு, அதைப் படியவிடும் தொட்டியைத் தாண்டி வெளியே போய்விடும். வெளியே என்றால் எங்கே என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கசடு இப்படி உப்புவதை ஆங்கிலத்தில் பல்கிங் என்பார்கள். பல்க் என்றால் மொத்தம் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது போல. உங்கள் நூல் இதற்கு வைத்திருக்கும் தலைப்பு "சேறு மொத்தமாக வாங்குதல்." அப்படியே அச்சாகியிருக்கிறது, பக்கத்தின் நகல் இணைத்துள்ளேன். ஏற்கெனவே இந்த வேலை தெரிந்ததால் நான் தப்பித்தேன். தெரியாத பிள்ளை ஒன்று இதைப் படித்துவிட்டு நாளை என்னைப் போல இரவில் தனியாக ஒரு நிலையத்தை ஓட்டினால் என்ன ஆகும்?

அப்புறம் "பொதுச் செவித்திறன்." பத்து நிமிடம் யோசித்துத்தான் கண்டுபிடித்தேன், பப்ளிக் ஹியரிங், அதாவது ஒரு திட்டத்துக்கு அனுமதி தரும் முன் மக்களிடம் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்தைச் சொல்கிறார்கள்! எண்ணூர், காட்டுக்குப்பம், தாழங்குப்பம் பக்கம் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரைக் கேட்டாலும் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றே சொல்வார். இன்னொரு வேடிக்கை. 2006 செப்டம்பர் 14-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்கு முன்னால் திட்டச் சுருக்கத்தை வட்டார மொழியிலும் தர வேண்டும், மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஆக, அனுமதி கேட்டு வரும் கம்பெனிகூடத் தமிழில் எழுதித் தர வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுப்பதாகப் பணம் வாங்கிய உங்களால் முடியவில்லை.

மொழியை விடுங்கள், சரக்கும் பழசு. திடக்கழிவுப் பாடத்தில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் 2000 மட்டுமே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு 2016-ல் புது விதிகள் வந்துவிட்டன. வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று அந்த 2016 விதிகள் கூறின. ஒப்படைப்புத் தாளில் (அசைன்மென்ட்) இதே கேள்வி வந்தது. நான் மூன்று என்று எழுதினேன். "பாடநூலைப் பார்க்கவும்" என்று சிவப்பில் எழுதி, அந்தக் கேள்விக்குச் சுழியம் போட்டிருக்கிறார்கள். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையை மூக்கில் இழுத்து வளர்ந்தவனுக்கு குப்பையைப் பற்றி நீங்கள் போட்ட மதிப்பெண் இது.

ஞாயிறு வகுப்பு இரண்டு முறை நடந்தது, பிறகு பதிவு செய்த வீடியோவாக மாறிவிட்டது. தேர்வு மையம் தாம்பரம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, விமான நிலையத்தில் இறங்கி, திரிசூலத்தில் மின்ரயில் பிடித்து, நைட் ஷிப்ட் முடித்த கண்ணோடு போய் எழுதிவிட்டு வந்தேன். இதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

பெரிதாக எடுப்பது திட்ட அறிக்கை விஷயத்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கிவந்து பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படிந்தபோது, எங்கள் சித்தப்பாவின் ஃபைபர் போட்டும் வலையும் கறுத்துப்போயின. வலையை அவர் திரும்பக் கடலில் இறக்கவே இல்லை. அந்தக் கழிமுகத்து நீரைப் பற்றித்தான் என் திட்ட அறிக்கை இருக்க வேண்டும் என்று சேரும் அன்றே முடிவு செய்திருந்தேன். களப்பணியை நீங்கள் ரத்து செய்து, "இணையத்திலிருந்து படங்கள் எடுத்து ஒட்டி அனுப்பினால் போதும்" என்று மெயில் போட்டீர்கள். எங்கள் வீட்டிலிருந்து கழிமுகம் சைக்கிளில் போகிற தூரம். நான் எதற்கு இணையத்தில் படம் தேட வேண்டும்?

நானே போனேன். பெயிண்ட் டப்பா மூடி ஒன்றை 20 செ.மீ. வட்டமாக வெட்டி, நான்கு கால்வட்டமாகப் பிரித்து கறுப்பு வெள்ளை மாற்றி மாற்றி அடித்து, நடுவில் ஈயக்குண்டு கட்டி, அளவு முடிச்சுப் போட்ட கயிற்றில் தொங்கவிட்டேன். செக்கி வட்டு என்பார்கள். நீரில் இறக்க இறக்க எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுவே நீரின் தெளிவு. சித்தப்பா போட்டில் ஆறு ஞாயிற்றுக்கிழமை, ஏற்றத்தில் ஒருமுறை, வற்றத்தில் ஒருமுறை பார்த்தேன். கடல் நீர் உள்ளே ஏறும்போது வட்டு நன்றாக ஆழம் வரை தெரியும். வற்றத்தில் கொசஸ்தலை ஆற்றுப் பக்கமிருந்து நீர் இறங்கும்போது முழங்கை அளவு போவதற்குள் சாம்பல் நிறத்தில் மறைந்துவிடும். பெரிய ஆராய்ச்சி என்று சொல்லவில்லை. ஆனால் என் கண்ணால் பார்த்தது, என் கையால் எழுதியது, தேதியும் நேரமும் போட்டது.

உங்கள் "திட்ட வழிகாட்டி" அதைத் திருப்பி அனுப்பினார். மாதிரி வடிவத்தில் இல்லையாம். சரி, மாதிரியைத் தாருங்கள் என்றேன். ஃபோனில் பேசியவர், "எதுக்கு சார் கஷ்டம், 4,000 ரூபாய் ஜிபே பண்ணுங்க, ரெடியா இருக்கு" என்று சொல்லி, நான் பணம் அனுப்பும் முன்பே மாதிரிக்காக முப்பது பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "கொசஸ்தலை ஆற்றின் மாசு" என்று தலைப்பு. இரண்டாம் பக்கத்தில் ஆற்றின் கரையெல்லாம் சாயப்பட்டறைகள். பதினோராம் பக்கத்தில் "கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை." ஐயா, ஒரத்துப்பாளையம் அணை நொய்யலில் இருக்கிறது, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி ஊரெல்லாம் அறிந்த அணை. கொசஸ்தலையில் இருப்பது பூண்டி நீர்த்தேக்கம். யாரோ ஒரு கொங்குநாட்டுப் பிள்ளை உழைத்து எழுதியதில் ஆற்றின் பெயரை மட்டும் மாற்றி என் தலையில் கட்டப் பார்த்தீர்கள். எங்கள் ஆற்றுக்கு இருக்கிற மாசு போதாதென்று திருப்பூர்ச் சாயத்தையும் கொண்டுவந்து கலந்திருக்கிறீர்கள்.

இதன் பிறகுதான் சந்தேகம் வந்து விதிகளைப் படித்தேன். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020-ஆம் ஆண்டு தொலைநிலைக் கல்வி விதிமுறைகளின்படி பல்கலைக்கழகம் தன் படிப்பை வெளி நிறுவனத்துக்கு ஃபிரான்சைஸ் விட முடியாது. அப்படியானால் பாடநூல் அச்சடிக்கவும், ஒப்படைப்பு திருத்தவும், வழிகாட்டி நியமிக்கவும் உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? தொலைநிலைக் கல்வியில் சேர யுஜிசி தளத்தில் மாணவரே உருவாக்கிக்கொள்ள வேண்டிய டெப் ஐடி என்ற அடையாள எண்ணுக்கு உங்கள் ஆள் ஏன் என் ஃபோனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டு வாங்கினார்? நான் சேர்ந்த பருவத்துக்கான யுஜிசி அங்கீகாரப் பட்டியலில் இந்தப் பட்டயப் படிப்பு இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். பட்டியலில் இல்லையென்றால் மற்ற பேச்செல்லாம் வீண்.

நான் கேட்பது, பாடநூலுக்கு வாங்கிய 3,500 ரூபாயை முழுதாகவும், கட்டணம் 28,500-ஐயும் என் வங்கிக் கணக்கில் திருப்பிப் போட வேண்டும். உங்களிடம் உள்ள என் அசல் சான்றிதழ்களையும் மாற்றுச் சான்றிதழையும் கூரியரில் அனுப்பாமல் நேரில் தர வேண்டும், நான் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன். ஒரு வருடக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதி தருகிறோம் என்று ஏற்கெனவே ஒருமுறை சொன்னீர்கள். அதற்கு எனக்குச் சம்மதம் இல்லை. மொழிபெயர்ப்பைச் சரிசெய்து அடுத்த பருவத்தில் தருகிறோம் என்பதும் வேண்டாம்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். இந்தத் தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது என்பதையும் விசாரித்துவிட்டேன். பல்கலைக்கழகத்துக்கும் யுஜிசிக்கும் நகல் இன்றே போகிறது.

இணைப்பு: கட்டண ரசீதுகள், பாடநூலில் ஆறு பக்கங்களின் நகல், திருத்திய ஒப்படைப்புத் தாள், வாட்ஸ்அப் உரையாடலின் பிரதி, கொசஸ்தலையில் ஒரத்துப்பாளையம் அணை உள்ள முப்பது பக்கங்கள். என் செக்கி வட்டுக் குறிப்பேட்டை இணைக்கவில்லை, அது என்னிடமே இருக்கட்டும்.

இந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். பேசத்தான் வேண்டும் என்றால் பகல் ஒரு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். ஆனால் பதில் தாளில்தான் வேண்டும்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
எர்ணாவூர்