கடைசி ஆளுக்கும் தண்ணீர் வையுங்கள்

100 மைல் சைக்கிள் பயணத்தை நடத்திய ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். கூவத்தூரைத் தாண்டி யூ டர்ன் போடும் இடத்தில் அன்று சொன்ன நேரத்துக்கு முன்பே தண்ணீர் மேசையை மடக்கிவிட்டதைப் பற்றிப் பலரும் உங்களுக்கு எழுதிவிட்டார்கள். நீங்களும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி முடித்துவிட்டீர்கள். அதனால் முழுக்கதையும் சொல்லப் போவதில்லை.

எனக்கு 47 வயது. இதற்கு முன் அதிகபட்சம் 90 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். 161 கி.மீ. என்பது நான்கு மாதம் விடியற்காலையில் எழுந்து பழகிய கனவு. திருவான்மியூரில் 5 மணிக்குக் கிளம்ப வேண்டியது. சிறப்பு விருந்தினர் வந்து, சைக்கிளின் மகிமையைப் பேசி, கொடியசைத்தபோது 5.40. சரி, போகட்டும். வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியதில் மாமல்லபுரமும் கல்பாக்கமும் வந்ததே தெரியவில்லை.

யூ டர்ன் போடும் 80ஆவது கி.மீ.யைத் தொட்டபோது மணி 9.20. 9.45 வரை தண்ணீர் உண்டு என்று நீங்களே அச்சடித்துக் கொடுத்திருந்தீர்கள். அங்கே இருந்ததோ கவிழ்த்து வைத்த கேன்கள், வாழைப்பழத் தோல், மேசையை மடக்கிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள். “முடிஞ்சிருச்சுக்கா, கிளம்பச் சொல்லிட்டாங்க” என்றான் ஒருவன். அவன்மேல் தப்பில்லை. தன் பாட்டிலில் மிச்சமிருந்த இரண்டு மடக்கையும் எனக்கே ஊற்றிவிட்டான்.

திரும்பும்போது அதே வாடை நெஞ்சில் அடித்தது. மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் வந்த வண்டி 15க்கு இறங்கியது. அடுத்த கடை வருவதற்குள் இடது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ கழலாமல் வண்டியோடு சாய்ந்தேன். பெட்டிக்கடை அம்மா ஓடிவந்து, குடத்துத் தண்ணீரில் கல்லுப்பைப் போட்டுக் கலக்கி, “ஒரேடியா குடிக்காதம்மா” என்று சொம்பைப் பிடித்துக்கொண்டார். காசு வாங்கவில்லை. உங்களுக்கு நான் 2,200 ரூபாய் கட்டியிருந்தேன்.

பிரெவே என்னும் நேர வரம்புள்ள நெடுந்தூர சைக்கிள் பயணம் ஓட்டுகிறவர்கள் தண்ணீரையும் சாப்பாட்டையும் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். அங்கே விதியே அதுதான். 200 கி.மீ.யைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும், முன்னால் வந்தவருக்கும் பின்னால் வந்தவருக்கும் ஒரே மரியாதை. நீங்களும் அப்படிச் சொல்லியிருந்தால் நானே சுமந்து வந்திருப்பேன். தண்ணீர் நீங்கள் தருவதாகச் சொன்னீர்கள். சொன்ன நேரம் வரை வையுங்கள். புறப்பாடு 40 நிமிடம் தள்ளிப்போனால் தண்ணீர் மேசையும் 40 நிமிடம் தள்ளிப்போகட்டும்.

தலைக்கு மேலே ட்ரோனுக்குக் குறைவில்லை. மெடலின் கனத்துக்கு அதை உருக்கினால் ஒரு சொம்பே செய்யலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்த்திசையில் வரும் பைக்குகள், சைக்கிள் போகும் ஓரத்திலேயே நிறுத்தியிருக்கும் கார்கள், உடைந்த பாட்டில் சில்லுகள்... அதையெல்லாம் உங்களிடம் கேட்டுப் பயனில்லை, கேட்க வேண்டிய இடம் வேறு. கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

தயவுசெய்து, கடைசி ஆள் கடந்து போகும்வரை ஒரு கேனாவது அங்கே இருக்கட்டும். அடுத்த பயணத்துக்கான படிவம் வந்திருக்கிறது. தண்ணீர் எதுவரை என்று அதில் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். அன்றைக்கே பணம் கட்டுகிறேன்.

இப்படிக்கு,
மாலை 4.10க்கு வந்து சேர்ந்த ஒருத்தி