வேலை கொடுத்து எங்களை வரவேற்ற பங்கு மக்களுக்கு நன்றி மடல்

அன்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பின்னல் குழுவின் தாய்மார்களுக்கும், சமையற்கூடத்தின் சகோதர சகோதரிகளுக்கும், பலிபீடத் துணிகளைப் பேணிக் காக்கும் பெரியவர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

என் கணவரின் பணி மாற்றத்தால் நாங்கள் குடும்பத்தோடு வேறு நகரத்துக்குச் செல்கிறோம் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உங்கள் முன் நின்று நன்றி சொல்ல எனக்கு வாய்ப்பளித்தீர்கள். அங்கே என்னால் நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. யார் யாருக்கு, எதற்காக நன்றி சொல்ல வேண்டுமோ அது அப்படியே மனத்தில் தங்கிவிட்டது. அதை என் தாய்மொழியில் எழுதினால்தான் குறைவின்றி எழுத வரும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். பங்கிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் இதை வாசித்து உங்களுக்கு எடுத்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் முதலிலேயே என் நன்றி.

அயல்நாட்டில் புதிதாக வந்து இறங்கும் குடும்பத்துக்கு எல்லா ஊர்களிலும் கிடைக்கக்கூடிய உதவிகள் சில உண்டு. வீட்டுக்குப் பாத்திரம் பண்டம் கொடுப்பது, குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க உடன் வருவது, படிவங்களை நிரப்பித் தருவது ஆகிய எல்லாவற்றையும் நீங்கள் மனமுவந்து செய்தீர்கள். ஆனால் நான் உங்களுக்கு மிகவும் கடன்பட்டிருப்பது வேறொன்றுக்காக. வந்த சில வாரங்களிலேயே, உங்கள் மொழி எனக்குத் தட்டுத்தடுமாறி வந்த காலத்திலேயே, உங்கள் கைக்கு என்ன வேலை தெரியும் என்று என்னிடம் கேட்டீர்கள். பின்னத் தெரியும், சமைக்கத் தெரியும் என்றேன். மறு வாரமே எனக்கு ஊசியும் நூலும் ஒரு நாற்காலியும் தயாராக இருந்தன. விருந்தாளியை எத்தனை நாள்தான் உபசரிக்க முடியும்? வேலையில் பங்கு கொடுக்கப்பட்டவர் அந்த வீட்டு மனிதராகிவிடுகிறார். அந்தப் பங்கை நான் கேட்பதற்கு முன்பே எனக்குக் கொடுத்தீர்கள்.

பின்னல் குழுவில் உட்கார்ந்த முதல் நாளில், நீங்கள் எல்லாரும் நூலை வலக்கையில் பிடித்து ஊசியின் மேல் சுற்றிப் பின்னுவதையும், நான் மட்டும் நூலை இடக்கை விரலில் ஏற்றி ஊசி முனையால் எடுத்துப் பின்னுவதையும் கவனித்தேன். மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள் என்றுதான் எண்ணினேன். குழுவின் மூத்தவர் எதுவும் சொல்லாமல் தன் நாற்காலியை என் இடப்பக்கம் நகர்த்தி, என் ஆள்காட்டி விரலையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் ஊசியில் அதே போல ஒரு வரிசை பின்னிப் பார்த்தார். எந்தக் கையில் நூலைப் பிடித்தாலும் விழுகிற கண், அதாவது பின்னலின் வளையம், ஒன்றுதான். எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் புதிதாக வந்தவளிடம் கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தது எனக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய மரியாதை. அம்மா, உங்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

நோயாளிகளுக்காகவும் துக்கத்தில் இருப்பவர்களுக்காகவும் செபித்தபடியே சால்வை பின்னும் பழக்கத்தை உங்களிடம்தான் அறிந்தேன். 1998-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்டு இறையியல் கல்லூரியில் பயின்ற இரண்டு பெண்கள் தொடங்கிய பணி அது என்றும், இன்று பல சபைகளிலும் பல நாடுகளிலும் நடக்கிறது என்றும் விளக்கினீர்கள். மூன்று கண் நிட் (முன்பக்கப் பின்னல்), மூன்று கண் பர்ல் (பின்பக்கப் பின்னல்) என்று மாறி மாறி வரும் அந்த எளிய பின்னலை தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளின் நினைவாகக் கொள்வதால், எண்ணிக்கையே செபமாகிவிடுகிறது. கணக்குப் பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு எளிதாக இருப்பதால் மனம் முழுவதும் அந்தச் சால்வையைப் போர்த்தப்போகிறவர் மீதே இருக்க முடிகிறது. மொழி போதாமல் வாய்விட்டுச் செபிக்கக் கூசிய எனக்கு, இதைவிடப் பொருத்தமான செபக் குழு கிடைத்திருக்காது.

குறைமாதக் குழந்தைகளுக்கான தொப்பிகளில் நீங்கள் காட்டிய கண்டிப்பையும் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்கு உடலின் அளவோடு ஒப்பிடும்போது தலை பெரியது. உடல் வெப்பத்தில் பெரும் பங்கு தலை வழியே போய்விடும். அதனால் தொப்பி அழகாக இருப்பதைவிட இறுக்காமல், குத்தாமல், துவைத்தால் சுருங்காமல் இருப்பதே முக்கியம். பொத்தான் கூடாது, குஞ்சம் கூடாது. குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும் பெரிய துளைகளுள்ள வேலைப்பாடும் கூடாது. முடித்த ஒவ்வொரு தொப்பியையும் உள்பக்கம் திருப்பித் தன் முஷ்டியில் மாட்டி, நூல் முடிச்சு எங்காவது தட்டுப்படுகிறதா என்று மறுகையின் சுண்டுவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்த பிறகே பெட்டிக்குள் வைப்பார் குழுவின் பொறுப்பாளர். முடிச்சு தென்பட்டால் பிரித்துத் திரும்பப் பின்ன வேண்டும். யாருடையது என்று பார்ப்பதில்லை. கண்ணால் காணப்போகாத ஒரு குழந்தைக்காக அவ்வளவு கவனமாக இருப்பவர்களோடு உட்கார்ந்திருந்தது என் பேறு.

விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில், யோப்பா நகரில் தபித்தா என்ற பெண் சீடர் இறந்தபோது, அவர் தங்களுக்குச் செய்து கொடுத்த உடைகளைக் கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியதாக வருகிறது. தபித்தா பேசிய ஒரு சொல்கூட அந்தப் பகுதியில் இல்லை, தைத்த துணிகள்தான் இருக்கின்றன. உங்களோடு இருந்த பிறகு அந்தப் பகுதியை நான் வேறு கண்ணோடு வாசிக்கிறேன்.

இனிச் சமையற்கூடம். தனியாக வாழும் முதியவர்களுக்கும், வீடற்றவர்களுக்கும், அன்று யாரோடாவது சேர்ந்து உண்ண விரும்பி வருகிற எவருக்கும் வாரம் ஒரு நாள் நீங்கள் போடும் சாப்பாட்டில் எனக்கு ஓர் அடுப்பைக் கொடுத்தீர்கள். வீட்டுச் சமையல் தெரிந்தவருக்குப் பெரும்பந்திச் சமையல் தெரிந்துவிடாது. நாலு பேருக்கான உப்பையும் காரத்தையும் நூறு பேருக்கென்று அப்படியே பெருக்கிப் போடக் கூடாது, மூன்றில் இரண்டு பங்கைப் போட்டு, ருசி பார்த்து ஏற்ற வேண்டும். அண்டாவில் அளவு கூடும் விகிதத்துக்கு நீர் ஆவியாவது அதிகரிக்காது என்பதால் தண்ணீரையும் குறைத்தே வைக்க வேண்டும். அடிப்பிடித்த வாடை வந்தால் கரண்டியைப் போட்டுக் கிளறாமல், அடியைத் தொடாது மேலாக மொண்டு வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். இவற்றையெல்லாம் சமையல் பொறுப்பாளரான சகோதரர், பேச்சைவிடக் கைச்சாடையாலேயே எனக்குப் பழக்கினார்.

சோற்றைப் பற்றி அவர் சொல்லித் தந்ததை எல்லாத் தமிழ் வீடுகளுக்கும் சொல்ல விரும்புகிறேன். அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் முறிவதில்லை. ஆகவே பரிமாறும் சோறு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். மிஞ்சியதை உடனே அகலமான தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி ஆறவைத்து, 5 டிகிரிக்குக் கீழே குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அண்டாவோடு மூடி வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் ஆறாது. பசியோடு வருபவருக்குப் போடும் உணவில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் தானமாகக் கொடுப்பதில் தரம் குறைந்தால் பரவாயில்லை என்ற எண்ணம் அந்த அடுப்பங்கரையில் ஒருவருக்கும் இருந்ததில்லை.

நான் தாளிக்கக் கடுகை எடுத்தபோது ஒரு சகோதரி ஓடி வந்து சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைக் காட்டினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி உணவில் இருந்தால் தெரிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் எள்ளும் உண்டு என்பதை அதில்தான் கண்டேன். கடுகைத் தடை செய்யாமல், தனிக் கரண்டியும் தனி எண்ணெய்ச் சட்டியும் கொடுத்து, பாத்திரத்தின் முன் பெரிய எழுத்தில் சீட்டு எழுதி வைத்து, என் சமையலை என் சமையலாகவே பந்திக்குக் கொண்டு வந்தீர்கள். அந்தச் சகோதரிக்கு நன்றி.

அறுவை சிகிச்சை முடிந்து நான் வீட்டில் கிடந்த நாள்களில் நீங்கள் முறை வைத்து உணவு கொண்டு வந்ததையும் மறக்க மாட்டேன். டப்பாவின் மேல் சமைத்த தேதி, சேர்ந்த பொருள்கள், எப்படிச் சுடவைப்பது, டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம் என்ற குறிப்பு எல்லாம் எழுதியிருக்கும். நான் எழுந்து வந்து பேச வேண்டிய கட்டாயம் இல்லாதபடி வாசலில் வைத்துவிட்டுத் தகவல் மட்டும் அனுப்பினீர்கள். உதவி பெறுகிறவரின் சோர்வையும் எண்ணிச் செய்த உதவி அது.

பலிபீடத் துணிகளைத் துவைக்கவும் தேய்க்கவும் என்னை நம்பியதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். திருப்பலிக் கிண்ணத்தைத் துடைக்கும் சிறுதுணிகளை முதலில் வெறும் தண்ணீரில் அலசி, அந்த நீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணில் ஊற்ற வேண்டும் என்பதையும், அதன் பிறகே சவர்க்காரம் என்பதையும் துணிகளுக்குப் பொறுப்பான பெரியவர் செய்து காட்டினார். மெழுகு சொட்டிய விரிப்பை முதலில் குளிரவைத்து, மொரமொரப்பான மெழுகை மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுத்து, மிச்சத்தை இரண்டு தாள்களுக்கு நடுவே இளஞ்சூட்டில் தேய்த்து உறிஞ்ச வைப்போம். திருப்பலியில் அப்பமும் கிண்ணமும் வைக்க விரிக்கும் சதுரத் துணியான திருமேனித் துகிலை ஈரம் காய்வதற்குள் தேய்த்து, மூன்றாக மடித்து, மறுபடியும் மூன்றாக உள்நோக்கி மடிக்க வேண்டும். விரித்தால் ஒன்பது கட்டங்கள் தெரியும். அப்பத்தின் துகள் ஏதேனும் தங்கியிருந்தாலும் மடிப்புக்கு வெளியே விழாது. முதல் முறை நான் மடித்ததை அவர் கையில் வாங்கிப் பார்த்து, மறுபேச்சின்றி அடுத்த ஞாயிறுக்கான அடுக்கில் மேலாக வைத்தார். நான் மடித்த துகில் பலிபீடத்தில் விரிக்கப்படுவதைப் பார்த்த அந்தத் திருப்பலிக்குப் பிறகு, இந்தக் கோவிலை நான் ‘அவர்கள் கோவில்’ என்று சொன்னதில்லை.

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் மெழுகுதிரி ஏற்றும் வளையத்துக்குப் பச்சைக் கிளைகள் வெட்டிக் கொண்டு வந்த இளைஞர்களுக்கும், 1839-இல் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிஷ் விஹெர்ன் என்ற போதகர் ஆதரவற்ற சிறுவர்களுக்காக வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகள் ஏற்றியதில் அந்த வளையம் தொடங்கிய வரலாற்றை என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த மறைக்கல்வி ஆசிரியைக்கும் நன்றி. குளிர்காலத்தில் நாங்கள் வருவதற்கு முன்பே கூடத்தைச் சூடாக்கி வைத்த காவலர் ஐயாவுக்கும், இரவில் எங்களை வீடு வரை காரில் கொண்டு வந்து விட்ட தம்பதியருக்கும், நான் அடுப்படியில் நின்ற நேரமெல்லாம் என் கடைக்குட்டியைத் தூக்கி வைத்திருந்த பாட்டிக்கும் நன்றி.

நான் தொடங்கிய நீல நிறச் சால்வை பின்னல் கூடையில் இருக்கிறது. பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, நிறம் மாறாதபடி அதே தடவையில் சாயமிட்ட நூல்கண்டுகள் இரண்டை உடன் வைத்திருக்கிறேன். நூறு பேருக்கான அளவுகளை எழுதிய நோட்டுப் புத்தகம் சமையற்கூடத்தின் மேல் இழுப்பறையில் உள்ளது. தமிழில் எழுதியவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் உங்கள் மொழியிலும் எழுதிவிட்டேன். அடுத்த மாதம் புதிதாக வரவிருக்கும் குடும்பத்தின் தாய்க்குத் தைக்கத் தெரியும் என்று கேள்விப்பட்டேன். என் நாற்காலியை அவருக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் பின்னல் குழுவின் சகோதரி